மரச்சாமான்களில் தண்ணீர்க் கறை: அறிகுறியைப் பார்த்து நீக்கும் வழிமுறை

மேசையில் கோப்பை வைத்த இடத்தில் வளையம் விழுந்துவிட்டால், கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தேய்க்கத்தான் முதலில் தோன்றும். பற்பசை, எலுமிச்சை, சமையல் சோடா, ப்ளீச்சிங் பவுடர் என்று ஒன்று மாற்றி ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வளையம் அப்படியே இருக்கும். அதைச் சுற்றிப் பளபளப்பு போன ஒரு பெரிய திட்டும் சேர்ந்திருக்கும். வளையத்தை எடுப்பதைவிட அந்தத் திட்டை எடுப்பதுதான் பெரிய வேலை. அதனால்தான் மருந்தைச் சொல்வதற்கு முன் அறிகுறியைப் பார்க்கச் சொல்கிறேன்.

மரத்தின் மேல் ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது: அரக்கு பாலிஷ், லாக்கர், வார்னிஷ், பாலியூரித்தேன், மெழுகு, எண்ணெய், இவற்றில் ஒன்று. தண்ணீர் அந்தப் பூச்சின் மேலேயே காய்ந்திருக்கலாம். பூச்சுக்குள் சிக்கியிருக்கலாம். பூச்சைக் கடந்து மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். எங்கே நிற்கிறது என்பதைக் கறையின் நிறமே சொல்லிவிடும். வெள்ளை என்றால் பூச்சோடு நின்றது. கறுப்பு என்றால் மரத்தைத் தொட்டுவிட்டது.

முதலில் ஐந்து சோதனைகள்

அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கை மேசைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம், கொப்புளம், விரிசல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு நகத்தால் கறையின் ஓரத்தை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புபோல் பொடி உதிர்ந்தால் அது மேலே படிந்த உப்பு. வழவழவென்று எதுவும் தட்டுப்படாமல் இருந்தால் கறை உள்ளே இருக்கிறது.

அடுத்து, கறையின் மேல் ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். வெள்ளைக் கறை அந்த இடத்தில் கண்ணுக்கு மறைந்துவிட்டால் சேதம் பூச்சின் மேல்மட்டத்தில்தான் இருக்கிறது; எளிதில் தீரும். எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் பூச்சு அங்கே செத்துவிட்டது. மேலே என்ன தடவினாலும் நேராக மரத்துக்குள் போகும்.

கடைசிச் சோதனை பூச்சின் இனத்தைக் கண்டுபிடிக்க. மேசைக்கு அடியில் அல்லது காலின் உட்புறத்தில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பஞ்சில் சிறிது மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு ஒற்றுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அசையவில்லை என்றால் பக்கத்திலேயே லாக்கர் தின்னரைத் தொட்டுப் பாருங்கள். அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் கரையவில்லை என்றால் பாலியூரித்தேன் போன்ற இறுகும் வகைப் பூச்சு. மெழுகாக இருந்தால் டர்ப்பன்டைன் தொட்ட துணியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வரும்.

ஐந்து நிமிடம் ஆகும் இந்தச் சோதனைகளைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

வெள்ளை வளையம், தொட்டால் வழவழப்பு

இதுதான் எல்லா வீட்டிலும் வருவது. சூடான கோப்பையின் அடியில் நீராவி சிக்குகிறது. சூட்டில் பூச்சு கொஞ்சம் இளகுகிறது. ஈரம் உள்ளே புகுந்துகொள்கிறது. அரக்கு 75 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடக்கூடியது, ஆகவே கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கோப்பை அதற்குப் போதும். பூச்சுக்குள் சிக்கிய நுண்ணிய ஈரமும் அது விட்டுப்போன நுண்துளைகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன. மூடுபனி வெள்ளையாகத் தெரிவது எதனாலோ அதே காரணம்தான். பூச்சு கெடவில்லை, பனி மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

புதிய கறை என்றால் ஒன்றும் செய்யாமல் ஓர் இரவு விடுங்கள். மின்விசிறிக் காற்று படட்டும். பல வளையங்கள் மறுநாள் காலையில் தானாகவே காணாமல் போயிருக்கும்.

போகவில்லை என்றால் மெல்லிய சூடு. ஹேர் டிரையரை நடுத்தர வெப்பத்தில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். அவ்வப்போது கையை வைத்துப் பாருங்கள். மரம் இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது. பத்து நிமிடம் வரை பொறுமையாகச் செய்யலாம். இஸ்திரிப் பெட்டி வைத்துச் செய்யும் முறையும் உண்டு: நீராவித் தொட்டியில் தண்ணீரே இல்லாமல், ஆகக் குறைந்த வெப்பத்தில், அச்சில்லாத வெள்ளைப் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, ஐந்து விநாடி வைத்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் ஐந்து விநாடி. நான் ஹேர் டிரையரையே விரும்புகிறேன். பெட்டியின் சூட்டில் ஒருமுறை லாக்கர் இளகி, துணியின் நெசவு அப்படியே மேசையில் அச்சாகிப் பதிந்துவிட்டது. அதை எடுக்க மேசை முழுவதையும் மறுபூச்சுக்கு உட்படுத்த வேண்டியிருந்தது.

சூட்டுக்கும் அசையாத வளையத்துக்கு எண்ணெய்ப்பசை. பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசி இரவெல்லாம் விட்டு, காலையில் துடையுங்கள். எண்ணெய் அந்த நுண்துளைகளை மெல்ல நிரப்பி வெள்ளையை மறைக்கிறது. மேலோட்டமான கறைக்கு நன்றாகவே வேலை செய்யும்.

அரக்கு பாலிஷ் அல்லது லாக்கர் என்று சோதனையில் உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டும் அடுத்த படி: ஸ்பிரிட் ஒற்றுதல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெற்றியும் தோல்வியும் துணியில் இருக்கும் ஈரத்தின் அளவில்தான் இருக்கிறது. பழைய பருத்தித் துணியை உருட்டி, இன்னொரு துணியால் சுற்றி, சுருக்கமில்லாத ஒரு பந்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் சில துளி ஸ்பிரிட் விட்டு, உள்ளங்கையில் நன்றாகத் தட்டுங்கள். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அந்த அளவு. அதைக் கறையின் மேல் நிறுத்தாமல், விமானம் தரையைத் தொட்டு எழுவதுபோல, ஒரு பக்கத்திலிருந்து இறக்கி மறுபக்கம் தூக்கிவிடுங்கள். துணி போன தடத்தில் ஈர மினுமினுப்பு ஒன்று வால்போல் தொடர்ந்து வந்து, இரண்டு மூன்று விநாடியில் மறையும். மறைந்த இடத்தில் வெள்ளை ஒரு படி குறைந்திருக்கும். ஒரு நிமிடம் விட்டு அடுத்த வீச்சு. ஏழெட்டு வீச்சில் அடியில் இருக்கும் மர ரேகை பனிக்குள்ளிருந்து வெளிவருவதைப் பார்ப்பது, இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம். துணி இழுபட்டு ஒட்டுவதாகத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். பூச்சு கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். முழுவதும் காய்ந்த பிறகு மறுநாள் தொடரலாம்.

ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்போ ஊதுபத்தியோ எரியும் அறையில் வேண்டாம். அதே நாளில் ஹேர் டிரையரையும் எடுக்காதீர்கள்.

மிச்சமாக ஒரு மெல்லிய நிழல் நின்றால் தேய்ப்பு. நான்கு பூஜ்ஜிய எண்ணுள்ள மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை மெழுகு பாலிஷில் தோய்த்து, மர ரேகை ஓடும் திசையிலேயே, எடை கொடுக்காமல் தேய்க்க வேண்டும். பற்பசை வேலை செய்வதும் இந்த வழியில்தான்; அது ஒரு மென்மையான தேய்ப்பான், வேறு மாயம் எதுவும் அதில் இல்லை. தேய்த்த இடம் சுற்றுப்புறத்தைவிட மங்கியிருக்கும். ஆகவே மேசை முழுவதுக்கும் ஒரு கை மெழுகு போட்டு மினுக்கினால்தான் ஒன்றுபோல் ஆகும்.

பாலியூரித்தேன் பூச்சில் வெள்ளை வளையம் அரிதாகத்தான் விழும். விழுந்தால் சூடும் பெட்ரோலியம் ஜெல்லியும் மட்டும் முயன்று பாருங்கள். ஸ்பிரிட் அதைக் கரைக்காது, எனவே பயனும் இல்லை. போகாத வெள்ளை பெரும்பாலும் பூச்சு மரத்தைவிட்டு உரிந்து நிற்பதன் அடையாளம். அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபூச்சு கொடுப்பதுதான் வழி.

வெள்ளையாக, நகத்தில் பொடியாக வருகிறது

உப்பு நீர் காய்ந்து விட்டுப்போன கால்சியம் படிவு. பூச்செடித் தொட்டி, தண்ணீர்க் குடுவை வைத்த இடங்களில் வரும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்தால் கரைந்துவிடும். உடனே வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. இதற்குச் சூடு காட்ட வேண்டாம்.

வளையமாக இல்லாமல் பெரிய பரப்பே மங்கிவிட்டது

ஈரத்துணியையோ ஈரமான விரிப்பையோ இரவு முழுவதும் மேசைமேல் விட்டிருந்தால் இப்படி ஆகும். காரணம் வெள்ளை வளையத்தின் காரணமேதான், பரப்புதான் பெரிது. முதலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். பிறகு ஹேர் டிரையர். மெழுகு பூசிய மேசை என்றால் வெளுத்தது மெழுகு மட்டுமாக இருக்கலாம்: டர்ப்பன்டைன் தொட்ட துணியால் பழைய மெழுகை வழித்துவிட்டு, ஒருநாள் காயவிட்டுப் புது மெழுகு போட்டால் முடிந்தது. எண்ணெய்ப் பூச்சு என்றால் அதே எண்ணெயை மிகக் குறைவாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அது காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள்.

கறுப்பு அல்லது கருநீலக் கறை

தண்ணீர் பூச்சைக் கடந்து மரத்தைத் தொட்டுவிட்டது. தேக்கு, ஓக், வால்நட், மகாகனி போன்ற மரங்களில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. தண்ணீரோடு சிறிதளவு இரும்பும் சேர்ந்து வந்தால் இரண்டும் கலந்து கருப்பாகிவிடும். தொட்டியின் அடி, துருப்பிடித்த டப்பா, ஆணித் தலை, ஏன், குழாய்த் தண்ணீரில் இருக்கும் இரும்பே போதும். பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் படிகளை எழுதப் பயன்பட்ட இரும்பு மை இதே வினையில் உருவானதுதான். உங்கள் மேசையில் இருப்பது உண்மையாகவே மை. அதைச் சூட்டாலோ மெழுகாலோ எண்ணெயாலோ எடுக்க முடியாது. உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம் என்று இறங்கினால், கறை இறங்கிய ஆழத்துக்குப் பள்ளம்தான் விழும். குளோரின் ப்ளீச் போடுகிறவர்களும் உண்டு. அது சாயத்தை வெளுக்கும், மரத்தின் நிறத்தையும் வெளுக்கும்; இரும்புக் கறையை மட்டும் அசைக்காது.

இதற்கு உரிய மருந்து ஆக்சாலிக் அமிலம். அது இரும்பைப் பற்றி, தண்ணீரில் கரைந்து வெளியேறும் சேர்மமாக மாற்றுகிறது. மரத்தின் சொந்த நிறத்தில் அவ்வளவாகக் கை வைக்காது. ஆனால் இது நஞ்சு. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இல்லாத இடத்தில், கதவு சன்னல் திறந்து செய்யுங்கள். ப்ளீச்சோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

முதலில் மேற்பரப்பின் பழைய பூச்சை முழுவதும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் மரத்தைத் தொடாது. வெனீர், அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு, ஒட்டிய பரப்பு என்றால் உப்புத்தாளைவிட பூச்சுநீக்கி நல்லது; வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான், இரண்டு தேய்ப்பில் அடிப்பலகை எட்டிப்பார்க்கும்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 90 கிராம் அமிலப் படிகம் என்ற அளவில், பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரையுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. படிகத்தைத் தண்ணீரில் இடும்போது தூசு மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறியதும் நைலான் தூரிகையால் கறைமேல் மட்டும் அல்ல, அந்தப் பலகை முழுவதற்கும் பூசுங்கள். கறைமேல் மட்டும் பூசினால் கறுப்பு வளையம் போன இடத்தில் வெளிறிய வளையம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பூசியதும் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு கறையின் ஓரம் முதலில் இளகும். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் பழுப்பாகி, நடுவில் ஒரு புள்ளி மட்டும் பிடிவாதமாக நிற்கும். அந்தப் புள்ளியைத் தூரிகையால் ஈரமாகவே வைத்திருங்கள். அரை மணி நேரத்தில் நின்றுவிட்டால் காயவிட்டு மறுநாள் இன்னொரு முறை பூசலாம். மூன்று முறைக்கு மேல் தேவைப்பட்டால் அது வெறும் இரும்புக் கறை அல்ல.

முடிந்ததும் தண்ணீர் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில், துடைத்தெடுங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை துடைத்தால் மிச்ச அமிலம் நுரைத்து அடங்கும். அதன்பின் மறுபடியும் வெறும் தண்ணீர். இரண்டு நாள் நிழலில் காய வையுங்கள். காய்ந்த மரம் சொரசொரப்பாக இருக்கும். 220 எண் உப்புத்தாளால் மெல்லத் தடவிவிட்டுப் புதிய பூச்சு கொடுக்கலாம். இந்த நேரத்தில் முகக்கவசம் அணியுங்கள். சரியாகக் கழுவாத மரத்தில் மிஞ்சிய படிகம் தூசோடு தொண்டைக்குப் போனால் கடுமையாக எரியும்.

கறுப்புப் புள்ளிகள், கூடவே பூஞ்சை வாடை

இதை இரும்புக் கறை என்று நினைத்து அமிலம் போட்டுவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் கொஞ்சமாவது துணியில் வந்தால் அது பூஞ்சை. முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, சாமானைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் மரத்தை மக்கச் செய்ய முடியாது. ஆக உலர்த்துவதுதான் இதற்கு நிரந்தர மருத்துவம். கத்தி முனையால் குத்தினால் பஞ்சுபோல் உள்ளே போகிறது என்றால் மக்கல் தொடங்கிவிட்டது. அந்தத் துண்டைத் தச்சரை வைத்து வெட்டி மாற்றுங்கள்.

கறை இல்லை, ஆனால் சொரசொரப்பு

மரத்தின் இழைகள் தண்ணீர் குடித்து எழுந்து நிற்கின்றன. நன்றாகக் காய்ந்தபின் 220 உப்புத்தாள், பிறகு பூச்சு. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழைகள் பிய்ந்து இன்னும் மோசமாகும்.

கொப்புளம்: வெனீர் எழும்பிவிட்டது

விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற சத்தம் வரும் இடம்வரை பசை விட்டிருக்கிறது. பழைய சாமான்களில் பயன்படுத்திய விலங்குப் பசை சூட்டில் மறுபடி இளகும். ஆகவே முதலில் துணி போட்டு மிதமான இஸ்திரிச் சூடு காட்டி, சூடாக இருக்கும்போதே ஒரு கட்டையால் அழுத்தி, மேலே கனம் வைத்து இரவு முழுவதும் விடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கூரிய பிளேடால் மர ரேகை ஓடும் திசையிலேயே கொப்புளத்தை நீளவாக்கில் கீறுங்கள். குறுக்கே கீறினால் தழும்பு என்றைக்கும் தெரியும். ஊசியில்லாத சிரிஞ்சாலோ மெல்லிய கத்தியாலோ மரப்பசையை உள்ளே செலுத்தி, வழியும் பசையை ஈரத்துணியால் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தட்டையான பலகை, அதன்மேல் கனம். பிளாஸ்டிக் தாளை மறந்தால் பலகையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பலகை வளைந்துவிட்டது

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய நீளாது; அகலவாக்கில்தான் உப்பும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் உப்பி, மேடாக எழும். வெயிலில் போட்டு அவசரமாகக் காய வைக்கத் தோன்றும், செய்தால் வெடிக்கும். நான்கு சிறு கட்டைகளின்மேல் ஏற்றி, இரு பக்கமும் ஒரே அளவு காற்றுப் படும்படி நிழலில் வையுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம், பெரும்பாலும் ஓரளவுக்குத் தானே திரும்பும். அதற்கு முன்பே கட்டையால் இறுக்கவோ இழைப்புளி போடவோ வேண்டாம். ஈரத்தோடு இழைத்துச் சமப்படுத்திய பலகை, காய்ந்ததும் எதிர்ப்பக்கம் வளையும்.

ஓரம் பஞ்சுபோல் உப்பிவிட்டது

பலகை மரமல்ல, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அல்லது துகள்பலகை. உப்பிய தூள் திரும்ப அமுங்காது. காயவிட்டு, உப்பிய அளவைத் தேய்த்து எடுத்து, பசையால் இறுக்கி, ஓரத்துக்குப் பட்டை ஒட்டி மறைக்கலாம். சட்டம் தாங்கும் இடத்தில் உப்பியிருந்தால் அந்தப் பலகையை மாற்றுவதே பாதுகாப்பு.

எடுத்த கறை அதே இடத்தில் திரும்ப வருகிறது

கறுப்பு என்றால் இரும்பு இன்னும் அங்கே இருக்கிறது. தலை தாழ்ந்த ஆணி, திருகு, தொட்டிக்கு அடியில் வைத்த தகரத் தட்டு, முன்பு தேய்த்த ஸ்டீல் வுல்லின் முறிந்த துகள்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். துகள்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பலகைமேல் ஓட்டினால் துணியில் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை என்றால் மேலே பூச்சு தேய்ந்து மெலிந்திருக்கிறது. தண்ணீர்த் துளி உருளாமல் பரவும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பழைய பூச்சின் இனத்திலேயே இரண்டு மெல்லிய கை கொடுங்கள். முதல் கை முழுவதும் காய்ந்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வந்த பிறகே இரண்டாவது.